ஆண்டவருக்குச் சொன்ன விலாசம்

போன வாரம் அந்த மனுஷன் போதகர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க, பேனா உருண்டு போச்சு" என்று சிரித்துக்கொண்டே எழுந்தாரே, அங்கேதான் விட்டோம். பேனா அவர் சட்டைப் பையில் இருந்தது. போதகரம்மா அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார்.

வேறு யாருமில்லை, போதகரம்மாவின் தங்கை புருஷன்தான். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத ஆள். குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "அவ வந்தா சொல்லுங்க, நான் கோபமா எல்லாம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த மாதிரி ஆட்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. கத்துகிறவனை நம்பலாம், கத்தி முடித்தால் ஓய்ந்துவிடுவான்.

தங்கை அப்போது இரண்டு தெரு தள்ளி, பேக்கரி மாடியில் மாவு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். இடது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. கைப்பேசியை அந்த வீட்டிலேயே போட்டுவிட்டு, உடுத்திய துணியோடு ஓடி வந்தவள். காவல் நிலையத்துப் பெரியவர் அவள் புருஷனோடு சீட்டாடுகிறவர் என்பதால் அந்தப் பக்கமும் போக வழியில்லை. அவள் எங்கே இருக்கிறாள் என்பது போதகரம்மாவுக்கும் போதகருக்கும் பேக்கரிக்காரம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அவளுக்குப் பெயர் கிடையாது. சுண்டெலி என்றுதான் கூப்பிடுவார்கள். வந்த அன்று அக்கா மடியில் தலை வைத்துக்கொண்டு சொன்னாள்: "முதல்ல செல்லமா கூப்பிடறாங்கன்னுதான் நெனச்சேன்க்கா. பொறி வச்சுட்டுத்தான் கூப்பிடறாங்கன்னு அப்புறம்தான் புரிஞ்சுது."

இது ஞாயிற்றுக்கிழமை காலை.

ஆராதனைக்கு முன்னால் போதகரம்மா பேக்கரிக்குப் போனாள். கடைக்கு விடுமுறை. பக்கவாட்டுக் கதவு வழியாக ஏறி, மாடி அறை வாசலில் நின்று இருமினாள். அதுதான் அடையாளம். உள்ளே மூட்டை இழுபடும் சத்தம் கேட்டது. முன்பு மாவு வைத்திருந்த அறை அது. எலி தொல்லைக்குப் பயந்து போட்ட கெட்டி இரும்புக் கதவு, ஆனால் உள் தாழ்ப்பாள் என்றோ உடைந்துபோயிருந்தது. தங்கை ஒரு மூட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுக்கிறாள்.

"இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருந்தா நானே பன்னு ஆயிடுவேன்" என்றாள் தங்கை. சிரித்தாள் என்றுகூடச் சொல்லலாம். பிறகு ஆராதனைக்கு வரட்டுமா, பின்னால் நின்று பாட்டு மட்டுமாவது கேட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று கெஞ்சினாள்.  போதகரம்மா கூடாது என்று சொல்லிவிட்டாள். தாழ்ப்பாள் விஷயத்தைச் சபையில் இருக்கும் தச்சரிடம் சொன்னால் நிமிஷத்தில் முடித்துவிடுவார். ஆனால் சொன்னால் அவருக்கும் தெரிந்துவிடும். நாளைக்கு நானே கடையில் வாங்கி வந்து மாட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

வீட்டுக்கு வந்தால் போதகர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

போதகர் என்றதும் பெரிய அங்கியும் பெரிய கோயிலும் கண்ணில் வந்தால் அழித்துவிடுங்கள். பழைய டயர் கிடங்கு ஒன்றில் நடக்கிற சின்னச் சபை அது. வெயில் ஏறினால் பாட்டுக்கு நடுவே ரப்பர் வாடை வரும். வார நாட்களில் அவர் கூரியர் வேன் ஓட்டுகிறவர், போதகரம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃப்ரேம் எடுத்துக் கொடுக்கிறவள். ஊரெல்லாம் பார்சல் கொடுத்துப் பழகிய மனுஷன் ஜெபம் பண்ணினாலும் விலாசத்தோடுதான் பண்ணுவார். தச்சர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "ஆண்டவரே, பின்கட்டில், லிஃப்டுக்கு எதிரே இடது பக்கம், ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருக்கும் உம்முடைய பிள்ளையை நினைத்தருளும்" என்று உருகினார். ஆண்டவர் என்ன புதிதாக வேலைக்குச் சேர்ந்த டெலிவரி ஆளா, வழி கேட்டுக்கொண்டு வருவதற்கு என்று போதகரம்மா அன்றைக்கு முழுவதும் கேலி செய்தாள். அவரும் சிரித்தார். ஆனால் மாறவில்லை.

இன்றைக்கு அவளுக்குக் கேலி வரவில்லை.

"யார் என்ன கேட்டாலும் தங்கச்சி பேச்சையே எடுக்கக் கூடாதுங்க."

"நான் எந்த மனுஷன்கிட்ட சொல்லப் போறேன்?" என்றார் அவர்.

அதில் பொய்யே இல்லை. எந்த மனுஷனிடமும் அவர் சொல்லவில்லைதான்.

கிடங்கில் நாற்காலிகளை யாரோ ஏற்கெனவே போட்டிருந்தார்கள். யாரோ என்ன, மைக் தம்பிதான். முன்நெற்றியில் முடி கொட்டத் தொடங்கிய ஆள், ஆனாலும் சபை முழுவதற்கும் தம்பி. ஊருக்குப் புதுசு என்று சொல்லிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தவன், அடுத்த வாரமே கரகரத்துக்கொண்டிருந்த ஒலிபெருக்கியைப் பிரித்துச் சரி செய்தான். அதற்கப்புறம் மின்விசிறி, குழாய், பேக்கரிக்காரம்மாவின் கீபோர்டு என்று அவன் கை படாத பொருள் இல்லை. வந்த முதல் நாளே, "உங்களுக்குக் கூடப் பிறந்தவங்க இருக்காங்களாக்கா?" என்று அவன் கேட்டது போதகரம்மாவுக்கு இனித்தது. எத்தனையோ வருஷமாகச் சபைக்கு வருகிறவர்கள் யாரும் அவளைக் கேட்காத கேள்வி அது.

தங்கை ஓடி வந்ததற்குப் பிறகு புதுமுகம் யாராவது வருகிறார்களா என்று அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். இவனைப் பார்க்கவில்லை. இவன்தான் அதற்கு வெகு முன்னாலேயே வந்தவனாயிற்றே.

இன்றைக்கும் மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கி வைத்துவிட்டு, "முகம் வாடியிருக்கே அக்கா, தூங்கலையா?" என்று கேட்டான். வெயில் என்று சொல்லி மழுப்பினாள்.

ஆராதனை நடந்தது. பாட்டு, பிரசங்கம், காணிக்கை, எல்லாம் வழக்கம் போலத்தான். கடைசியில் கைகோர்ப்பு.

இந்தக் கைகோர்ப்பு போதகரம்மாவின் யோசனை. முன்பெல்லாம் ஆசீர்வாதம் சொல்லி முடிக்கும் முன்பே, பஸ் வந்து நின்ற மாதிரி எல்லாரும் வாசலுக்கு ஓடுவார்கள். ஒருத்தர் பெயர் இன்னொருத்தருக்குத் தெரியாது. இப்படி இருந்தால் இது சபையா, ரயில்வே பிளாட்பாரமா என்று அவள்தான் நாற்காலிகளை ஒதுக்கச் சொன்னாள். எல்லாரும் வட்டமாக நின்று கையைக் கோர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொருவரும் தன் வலப்பக்கம் நிற்பவருக்காகச் சத்தமாக ஜெபிக்க வேண்டும். ஒரு பழைய சண்டையில் வருஷக்கணக்காக முகம் பார்க்காமல் இருந்த தச்சரும் பேக்கரிக்காரம்மாவும் ஒரு நாள் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிக்கொண்டு, ஜெபிக்கத் தொடங்கி, அழுது, சமாதானமானார்கள். அன்றிலிருந்து யாரும் வாசலுக்கு ஓடுவதில்லை. சேர்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

ஒரே ஒரு விதிதான். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் மனசு திறக்காது என்று அவளே சொல்லி வைத்த விதி.

போதகரின் வலப்பக்கம் அவள் நின்றாள். அவர் முறை வந்தது.

"ஆண்டவரே, என் மனைவியின் பாரத்தை நீர் அறிவீர்" என்று தொடங்கினார். குரல் அப்போதே கம்மியது.  வாரம் முழுவதும் வாயைக் கட்டி வைத்திருந்த மனுஷன், ஆண்டவர் சந்நிதியில் அவிழ்த்துவிட்டார்.

"அவளுடைய ஒரே தங்கையை உம் கையில் தருகிறோம். கணவனுக்குப் பயந்து ஓடி வந்து, நம் சகோதரியின் ரொட்டிக் கடை மாடியில், உள் தாழ்ப்பாள் உடைந்த அறையில், மாவு மூட்டையை முட்டுக் கொடுத்துப் படுத்திருக்கும் உம்முடைய பிள்ளையைக் காத்தருளும் ஆண்டவரே."

அவள் அவர் கையை நெரித்தாள். பாவி மனுஷன், மனைவி உருகுகிறாள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் உரக்க ஜெபித்தார். பக்கவாட்டுக் கதவுக்குக்கூடத் தூதர்களைக் காவல் வைக்கச் சொன்னார்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

வட்டம் முழுவதும் மூடிய கண்கள். சிலர் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே மட்டும் ஒரு ஜோடிக் கண் திறந்திருந்தது. மைக் தம்பி, பக்கத்தில் நின்ற பேக்கரிக்காரம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தை இல்லை. அவள் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து போதகரம்மாவைப் பார்த்து, ஒன்றும் நடக்காதது போலச் சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

ஜெபம் முடிந்ததும் அவள் புருஷனை ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டு போய், என்ன காரியம் பண்ணிவிட்டீர்கள் என்று கேட்டாள். அவருக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. "நான் ஆண்டவர்கிட்டதானே பேசினேன்" என்று இரண்டு முறை சொன்னார்.

ஆனால் நடந்தது என்ன தெரியுமா? அவர்கள் திரும்புவதற்குள் ஆளாளுக்கு வந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி தன் வீட்டில் தனியறை இருக்கிறது என்றாள். இன்னொருத்தி தங்கைக்கு என்ன அளவு செருப்பு என்று கேட்டாள். கணக்கு வாத்தியார் தனக்கு ஒரு வக்கீலைத் தெரியும் என்றார். இதையெல்லாம் எங்களிடம் ஏன் மறைத்தீர்கள், நாங்கள் அந்நியமா என்று கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. போதகரம்மா நின்ற இடத்திலேயே அழுதுவிட்டாள். இத்தனை நாள் இவர்களைக் கையைக் கோர்க்கச் சொல்லிவிட்டு, தன் கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தோமே என்று வெட்கமாக இருந்தது. கண் திறந்திருந்ததாலேயே ஒருவன் கெட்டவன் ஆகிவிடுவானா? அப்படிப் பார்த்தால் நானும்தானே திறந்தேன் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

சாப்பாட்டு மேஜை போட்டார்கள். தட்டுகள் வந்தன. வழக்கமாகத் தட்டு எடுத்துக் கொடுப்பவனைக் காணவில்லை.

தச்சர் அவளருகே வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷர், சுத்தியல் பிடித்துக் காய்த்த கையால் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"தாழ்ப்பாளைப் பத்திக் கவலையே வேணாம்மா. என் கருவிப் பை இங்கதான் இருந்துச்சு, அதுல ஒரு புதுத் தாழ்ப்பாளும் இருந்துச்சு, நான் சாயங்காலம் போலாம்னு இருந்தேன். மைக் தம்பிதான், இதுக்கு எதுக்கு நீங்க, உங்க பையைக் குடுங்க நான் இப்பவே மாட்டிட்டு வரேன்னு சொல்லி வாங்கிட்டுப் போயிருக்கு."

"இப்பவா?"

"ஜெபம் முடிஞ்ச உடனேயே. சுண்டெலிக்குத் தாழ்ப்பாள் என் கையாலதான் போடணும்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு." தச்சரும் சிரித்தார். "தங்கச்சிய வீட்ல அப்படித்தான் கூப்பிடுவீங்களா?"

போதகரம்மாவின் கையிலிருந்த தட்டு மேஜையில் சாய்ந்தது.

அந்த வார்த்தையை அவள் போதகரிடம்கூடச் சொன்னதில்லை. சொல்ல நாக்கு கூசியது. அந்த வீட்டுக்கு வெளியே அது தெரிந்த ஒரே ஆள் அவள்தான் என்று நினைத்திருந்தாள். இவனுக்குத் தங்கையின் வேறு பெயரே தெரியாது. தெரிந்திருந்தால் அதைச் சொல்லித் தப்பித்திருப்பான்.

வெகு முன்னாலேயே வந்தவன். ஆமாம். ஓடினால் இவள் எங்கே ஓடுவாள்? கூடப் பிறந்தவள் வீட்டுக்குத்தானே ஓடுவாள். அதைக் கணக்குப் போட்டுப் பொறியை முதலிலேயே கொண்டு வந்து வைத்துவிட்டார்கள். அதற்கு அவளே வாராவாரம் தட்டு நிறையச் சாப்பாடும் போட்டிருக்கிறாள்.

பேக்கரிக்காரம்மா பாத்திரத்தோடு அந்தப் பக்கம் வந்தாள். போதகரம்மாவின் பார்வை அவள் இடுப்புக்குப் போனது. சாவிக்கொத்து இல்லை.

"நான்தாம்மா குடுத்தேன். தம்பி கேட்டுச்சே" என்றாள் பேக்கரிக்காரம்மா. சொல்லும்போதே அவள் முகமும் மாறிவிட்டது.

போதகரம்மா எழுந்து நின்றாள். இனி மறைக்க என்ன இருக்கிறது? மேஜையைச் சுற்றியிருந்த அத்தனை பேரிடமும் சொன்னாள். ஆண்டவரிடம் சொல்லவில்லை, மனுஷர்களிடம் சொன்னாள்.

"அந்த ஆள் நம்ம ஆள் இல்ல. என் தங்கச்சியப் பிடிக்க வந்தவன். எல்லாரும் வாங்க."

ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. நாற்காலிகள் சரிந்தன. வாயில் சோற்றோடு எழுந்தவர்கள் உண்டு. வேனைக் கிளப்ப நேரமில்லை என்று போதகர் மேல் சட்டை பறக்க ஓடினார். அவருக்கு முன்னால் அவள் ஓடினாள். ஞாயிற்றுக்கிழமைத் தெரு, கடையெல்லாம் மூடிக் கிடந்தது.

பேக்கரியின் பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது. படியில் தச்சரின் பையைக் காணோம், ஆளையும் காணோம். மாடிக்கு ஏறியவள் இரும்புக் கதவின் முன்னால் நின்றுவிட்டாள்.

தாழ்ப்பாள் போடப்பட்டிருந்தது. புதுசு, பளபளவென்று இருந்தது, ஒரு திருகாணிகூடக் கோணாமல். சுத்தமான வேலை. ஆனால் அது கதவின் வெளிப்பக்கம் இருந்தது. மேலே ஒரு பூட்டும் தொங்கியது.

அவள் இருமினாள்.

"அக்கா!" என்றது உள்ளேயிருந்து தங்கையின் குரல். சந்தோஷமாக இருந்தது. "நீ அனுப்பிச்ச ஆள் வந்து எல்லாத்தையும் சரி பண்ணிட்டாருக்கா. நான் கதவைத் திறக்கல, நீ சொன்ன மாதிரியே. வெளியில இருந்தே பண்ணிடறேன், அக்காதான் அனுப்புனாங்கன்னு சொன்னாரு. இனிமே மூட்டை வேணாம் இல்ல?"

 போதகரம்மா பூட்டைப் பிடித்து இழுத்தாள், தச்சர் பிடித்து இழுத்தார், போதகர் தோளால் இடித்தார். எலிக்காகப் போட்ட கதவு அசையவில்லை. கருவிகள் எல்லாம் அந்தப் பையில் போய்விட்டன. தச்சர் வீட்டுக்குப் போய்க் கடப்பாரை எடுத்து வருகிறேன் என்று படியில் தடதடவென்று இறங்கினார். இறங்கியவர் கீழே நின்று கூப்பிட்டார்.

"அம்மா, தெருமுனைல ஒரு கார் திரும்புது."

அவள் போதகரைக் கதவுக்குக் காவல் வைத்துவிட்டுக் கீழே ஓடி வந்தாள். சபை முழுவதும் பேக்கரி வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது, என்ன செய்வது என்று தெரியாமல். செருப்பளவு கேட்டவள் கையில் இன்னும் கரண்டி இருந்தது. அது தங்கை புருஷனின் கார் என்று போதகரம்மாவுக்கு அடையாளம் தெரிந்தது. அவசரமே இல்லாமல், வீட்டு எண் பார்த்துக்கொண்டு வருகிற மாதிரி வந்தது.

இவர்களுக்கு அவள் கற்றுக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்.

"கையக் கோர்த்துக்கோங்க. யாரும் விடாதீங்க" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "இன்னைக்கு யாரும் கண்ண மூட வேணாம்."

கோர்த்தார்கள். பக்கவாட்டுக் கதவை மறைத்துக்கொண்டு, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை. பேக்கரிக்காரம்மா அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். வலது பக்கம் கொஞ்சம் இடைவெளி இருந்தது. யாரோ ஓடி வந்து அந்த இடத்தில் நுழைந்து அவள் வலது கையைப் பிடித்தார்கள்.

பிடித்த கை வேர்த்திருந்தது. அந்த உள்ளங்கைக்கும் அவள் உள்ளங்கைக்கும் நடுவே சின்னதாக, கெட்டியாக ஏதோ உறுத்தியது. சாவி.

திரும்பிப் பார்த்தாள். மைக் தம்பி.

அவள் சாவியை விரலால் பறிக்கப் பார்த்தாள். அவன் கொடுக்கவும் இல்லை, கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.  கார் அவர்களுக்கு நேர் எதிரே வந்து நின்றது.

வரிசையில் இருந்த எல்லாருடைய கண்ணும் திறந்திருந்தது. அவன் ஒருவன்தான் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

காரின் கதவு திறந்தது.